அணு பெரிதானால் உலோகத்தின் வினைத்திறன் கூடுமா? 1ஆம் தொகுதிக்குச் சரி, 11ஆம் தொகுதிக்கு ஏன் தலைகீழ்?

கயல்_பதினொன்று எழுதியது:

வணக்கம். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். ஆவர்த்தனப் பண்புகள் பாடத்தில் ஓர் இடம் எனக்குப் பிடிபடவே இல்லை. "தொகுதியில் மேலிருந்து கீழே போகப் போக அணு பெரிதாகும், அதனால் உலோகத்தின் வினைத்திறன் கூடும்" என்று குறிப்பில் இருக்கிறது. முதல் தொகுதிக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. லித்தியம் 152 பிகோமீட்டர், சோடியம் 186, பொட்டாசியம் 227, ரூபீடியம் 248, சீசியம் 265. தண்ணீரோடு வினைபுரியும் வேகமும் இதே வரிசையில் கூடுகிறது.

11ஆம் தொகுதியில் எல்லாம் தலைகீழாக இருக்கிறது. தாமிரம் 128, வெள்ளி 144, தங்கம் 144. கீழே போகப் போக வினைத்திறன் குறைகிறது. அதோடு வெள்ளிக்கு 47 புரோட்டான், தங்கத்துக்கு 79. ஒரு கூடு கூடுதலாக இருந்தும் இரண்டுக்கும் ஆரம் எப்படி ஒன்றாக இருக்கும்?

இன்னொரு கேள்வி. மின்வேதி வரிசையில் (கரைசலில் எலக்ட்ரானை விடும் நாட்டத்தின்படி உலோகங்களை அடுக்கிய வரிசை) லித்தியம்தான் உச்சியில் இருக்கிறது, −3.04 வோல்ட். அப்படியானால் தண்ணீரில் அதுதானே மிக மூர்க்கமாக இருக்க வேண்டும்? ஏன் சோடியத்தைவிட அமைதியாக இருக்கிறது? யாராவது விளக்குங்கள்.

—

பழைய_வாத்தியார் எழுதியது:

கயல், அந்தக் குறிப்பில் "அதனால்" என்ற இடத்தில்தான் சிக்கல். ஆரம் என்பது காரணம் இல்லை, விளைவு. அணுக்கருவின் இழுப்பு கடைசி எலக்ட்ரானுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது, அந்த எலக்ட்ரான் எத்தனையாவது கூட்டில் இருக்கிறது என்ற இரண்டும் சேர்ந்துதான் ஆரத்தையும் தீர்மானிக்கின்றன, அயனியாக்கும் ஆற்றலையும் (அந்த எலக்ட்ரானைப் பிடுங்க ஆகும் செலவு) தீர்மானிக்கின்றன. ஒரே காரணத்திலிருந்து பிறந்த இரண்டு விளைவுகளில் ஒன்றை மற்றதற்குக் காரணம் என்று சொல்லும்போது, முதல் தொகுதியைத் தாண்டியதும் விதி காலை வாரிவிடுகிறது.

பொட்டாசியத்தையும் தாமிரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் நான்காம் வரிசை. இரண்டுக்கும் வெளியே இருப்பது ஒரே ஒரு 4எஸ் எலக்ட்ரான் (எண் கூட்டையும், எஸ், டி, எஃப் என்பவை அதற்குள் எலக்ட்ரானின் வகையையும் குறிக்கும்). ஆனால் பொட்டாசியத்தின் ஆரம் 227, அயனியாக்கும் ஆற்றல் மோலுக்கு 419 கிலோஜூல். தாமிரத்தின் ஆரம் 128, அயனியாக்கும் ஆற்றல் 745. நடுவில் பத்து புரோட்டான்கள் சேர்ந்திருக்கின்றன, கூடவே பத்து 3டி எலக்ட்ரான்களும். அந்தப் பத்து எலக்ட்ரான்களும் பத்து புரோட்டான்களின் இழுப்பை முழுதாக மறைத்திருந்தால் தாமிரமும் பொட்டாசியம் மாதிரியே இருந்திருக்கும். டி எலக்ட்ரான்கள் அப்படி மறைப்பதில்லை. ஸ்லேட்டர் விதிப்படி கணக்கிட்டால் 4எஸ் எலக்ட்ரான் உணரும் செயலுறு அணுக்கரு மின்சுமை (மறைப்புப் போக மிஞ்சும் இழுப்பு) பொட்டாசியத்தில் 2.2, தாமிரத்தில் 3.7. தோராயமான விதிதான், ஆனாலும் திசையைச் சரியாகக் காட்டுகிறது.

அதே விதியில் சோடியத்துக்கும் 2.2தான் வரும். சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் மிஞ்சிய இழுப்பு ஏறக்குறைய ஒன்று, கூடு மட்டும் ஒன்று வெளியே தள்ளிப் போகிறது. ஆகவே அணு பெரிதாகிறது, எலக்ட்ரான் எளிதில் கழல்கிறது. முதல் தொகுதியில் "பெரிது என்றால் வினைத்திறன் அதிகம்" பலிப்பது இதனால்தான். இடையில் புகுந்து கெடுக்கும் டி, எஃப் எலக்ட்ரான்களின் பாதிப்பு அங்கே மிகக் குறைவு.

—

கடற்கரை_மணல் எழுதியது:

வெள்ளி, தங்கம் ஆரக் கேள்விக்கு நான் வருகிறேன். பல வருடம் கனிம மணல் துறையில் வேலை பார்த்தவன், இந்த விஷயத்தைத் தொழிலாகவே பார்த்திருக்கிறேன்.

வெள்ளி இருக்கும் ஐந்தாம் வரிசையில் இல்லாத லாந்தனைடுகள் (லாந்தனத்தை அடுத்து வரும் 14 தனிமங்கள்) தங்கம் இருக்கும் ஆறாம் வரிசையில், தங்கத்துக்கு முன்னால் நுழைகின்றன. 14 புரோட்டான்கள், 14 4எஃப் எலக்ட்ரான்கள். எஃப் எலக்ட்ரான்கள் டி எலக்ட்ரான்களைவிடவும் மோசமாக மறைப்பவை. ஆகவே லாந்தனைடு வரிசை முடியும்போது அணு நன்றாகச் சுருங்கி நிற்கிறது. அடுத்து வரும் ஹாஃப்னியத்துக்கு ஒரு கூடு கூடுதலாக இருந்தும் ஆரம் 159. அதற்கு நேர் மேலே உள்ள சிர்கோனியம் 160. நியோபியமும் டான்டலமும் இரண்டும் 146. கூடு கூடியதால் வர வேண்டிய வளர்ச்சியை லாந்தனைடு குறுக்கம் அப்படியே விழுங்கிவிட்டது. வெள்ளியும் தங்கமும் 144இல் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அடர்த்தியைப் பாருங்கள். சிர்கோனியம் கன சென்டிமீட்டருக்கு 6.5 கிராம், ஹாஃப்னியம் 13.3 கிராம். ஒரே அளவு இடம், இரட்டிப்பு எடை.

ஆரம் ஒன்றானால் வேதியியலும் ஒன்றாகிவிடும். சிர்கோனியத் தாதுவுக்குள் ஹாஃப்னியம் ஒளிந்தே இருந்தது. 1923இல்தான் கோப்பன்ஹேகனில் கோஸ்டரும் ஹெவிசியும் எக்ஸ் கதிர் நிறமாலை வழியாக அதைப் பிடித்தார்கள். ரசாயன முறையில் தேடியிருந்தால் இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ.

இது நம் ஊர்க் கதையும்கூட. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் சிர்கான் கிடைக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் சிர்கோனியம் வளாகம் இருக்கிறது. அணு உலையில் எரிபொருளைச் சுற்றியிருக்கும் உறை சிர்கோனியக் கலப்புலோகம், ஏனென்றால் அது நியூட்ரானை அதிகம் உறிஞ்சாது. கூடவே ஒட்டிக்கொண்டு வரும் ஹாஃப்னியமோ சிர்கோனியத்தைப் போல 500 மடங்குக்கு மேல் உறிஞ்சும். இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். வீழ்படிவாக்கிப் பிரிக்கலாம் என்றால் இரண்டும் சேர்ந்தே விழும், சேர்ந்தே கரையும். கரைப்பான் கொண்டு திரும்பத் திரும்பப் பிரித்தெடுத்துத்தான் ஹாஃப்னியத்தை மில்லியனில் நூறு பங்குக்குக் கீழே இறக்குகிறார்கள். பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் போய்விடும் லாந்தனைடு குறுக்கம் ஓர் ஆலையின் செலவுக் கணக்கில் இப்படி நிற்கிறது.

—

நல்லூர்_தீபன் எழுதியது:

மேலே ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். தங்கத்துக்கு லாந்தனைடு குறுக்கம் மட்டும் போதாது. அது மட்டும் என்றால் தங்கம் வெள்ளியைப் போலத்தான் இருக்க வேண்டும், வெள்ளியை இவ்வளவு தூரம் தாண்டக் கூடாது. வெள்ளியின் முதலாம் அயனாக்கற் சக்தி 731, தங்கத்தினுடையது 890.

இங்கே ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கை உள்ளே வருகிறது. கரு ஏற்றம் (அணுக்கருவின் மின்சுமை) கூடக் கூட 1எஸ் இலத்திரனின் (எலக்ட்ரானின்) வேகம் கூடும். ஒளியின் வேகத்தை 137ஆல் வகுத்து அணு எண்ணால் பெருக்கினால் கிட்டத்தட்டச் சரியான விடை வரும். வெள்ளிக்கு ஒளி வேகத்தில் நூற்றுக்கு 34 வீதம், தங்கத்துக்கு 58 வீதம். அந்த வேகத்தில் இலத்திரனின் திணிவு (நிறை) கூடுகிறது, ஓபிற்றல் (இலத்திரன் உலவும் இடம்) சுருங்குகிறது. 1எஸ் மட்டுமல்ல, 6எஸ் வரைக்கும் எல்லா எஸ் ஓபிற்றல்களும் சுருங்கி, இறுக்கமாகப் பிடிபடுகின்றன. தங்கம் தன் கடைசி இலத்திரனை விட மறுப்பது இதனால்தான். அதன் மஞ்சள் நிறமும் இதிலிருந்தே வருகிறது. 5டிக்கும் 6எஸ்ஸுக்கும் இடைவெளி குறைந்து, நீல ஒளி உறிஞ்சப்படுகிறது. வெள்ளியில் அந்த உறிஞ்சல் புறவூதாவில் நடக்கிறது, ஆகவே அது வெண்மையாகத் தெரிகிறது.

சீசியமும் தங்கமும் ஒரே ஆவர்த்தனம், இரண்டுக்கும் ஒரே ஒரு 6எஸ் இலத்திரன். அயனாக்கற் சக்தி மட்டும் 376, 890. நடுவில் 24 புரோத்தன்கள்.

—

பட்டறை_செந்தில் எழுதியது:

வேதியியல் கல்லூரி வரைதான் படித்தேன், இப்போது நகைத் தொழில். நீங்கள் பேசுவதைத் தினமும் கையால் பார்க்கிறேன். நகையைச் சூடாக்கினால் செம்பு கறுக்கும். வெள்ளி சூட்டில் கறுக்காது, காற்றில் இருக்கும் கந்தக வாயு பட்டால் நாளாக ஆகக் கறுக்கும். சுத்தத் தங்கம் இரண்டுக்கும் அசையாது. பழைய நகையைச் சுத்தப்படுத்த நைட்ரிக் அமிலத்தில் போட்டால் செம்பும் வெள்ளியும் கரைந்து தங்கம் அடியில் நிற்கும். தங்கம் அதிகமாக இருந்தால் அமிலம் உள்ளே நுழையாது, அதனால் முதலில் வெள்ளியைச் சேர்த்து உருக்கித் தங்கத்தை நாலில் ஒரு பங்காக்கிவிட்டுத்தான் அமிலத்தில் போடுவோம்.

ஆனால் ஒரு சந்தேகம். அயனியாக்கும் ஆற்றல் தாமிரத்துக்கு 745, வெள்ளிக்கு 731 என்கிறீர்கள். அப்படியானால் வெள்ளிதானே முதலில் கரைய வேண்டும்? செம்புக் கம்பியை வெள்ளி நைட்ரேட் கரைசலில் வைத்தால் செம்பு கரைந்து வெள்ளி படிகிறதே?

—

பழைய_வாத்தியார் எழுதியது:

செந்தில், இந்த இழையில் கேட்டதிலேயே நல்ல கேள்வி இது. அயனியாக்கும் ஆற்றலையும் ஒற்றைக் காரணமாகப் பிடிக்கக் கூடாது என்பதற்கு நீங்கள் சொன்ன செம்புக் கம்பியே சாட்சி.

அயனியாக்கும் ஆற்றல் என்பது வாயு நிலையில், தனித்தனியாக மிதக்கும் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் செலவு. கரைசலில் நடப்பது வேறு. திண்ம உலோகத்திலிருந்து அணுவைப் பிரிக்க ஒரு செலவு, எலக்ட்ரானைக் கழற்ற ஒரு செலவு, பிறந்த அயனியைத் தண்ணீர் சூழும்போது ஒரு வரவு. மூன்றையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். தாமிர அயனி வெள்ளி அயனியைவிடச் சிறியது, அதிலும் அது இரட்டை மின்சுமையோடு வரும்போது தண்ணீர் அதைப் பலமாகப் பற்றிக்கொள்கிறது. அந்த வரவு வெள்ளிக்கு அவ்வளவு கிடைப்பதில்லை. ஆகவே தாமிரம் +0.34, வெள்ளி +0.80, தங்கம் +1.50 வோல்ட் என்று மின்னழுத்தம் ஏறுகிறது.

ராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களின் கலவை) தங்கம் கரைவதும் இதே கணக்குதான். குளோரைடு அயனிகள் நான்கு சேர்ந்து தங்கத்தைப் பிணைத்துக்கொள்ளும்போது வரவு கூடுகிறது, 1.50 ஏறக்குறைய 1.00ஆக இறங்குகிறது. அந்த அளவுக்கு இறங்கினால் நைட்ரிக் அமிலத்தால் சமாளிக்க முடியும்.

—

இரவுப்பறவை எழுதியது:

குறுக்கே வருகிறேன். சீசியத்தையும் தங்கத்தையும் ஒன்றாகச் சேர்த்தால் என்ன ஆகும்? இரண்டும் உலோகம்தானே, கலப்புலோகமா?

—

நல்லூர்_தீபன் எழுதியது:

இல்லை, உப்பு! சீசியம் ஓரைட்டு. சீசியம் நேர் அயன், தங்கம் மறை அயன். தங்கத்தின் இலத்திரன் நாட்டம் (ஓர் இலத்திரனை வாங்கும்போது வெளிவிடும் சக்தி) மோலுக்கு 223 கிலோயூல். அயடீனுக்கு 295. உலோகங்களில் இவ்வளவு பெரிய நாட்டம் வேறு எதற்கும் இல்லை. ஆகவே சீசியம் விட்ட இலத்திரனைத் தங்கம் அயடீன் போன்ற ஓர் அலசன் (ஹாலஜன்) போல வாங்கி வைத்துக்கொள்கிறது. அந்தச் சேர்வை உலோகம் போல மின்னைக் கடத்தாது, அது ஒரு குறைகடத்தி. தண்ணீர் பட்டால் உடனே தங்கம் பிரிந்து விழும், சீசியம் ஐதரொட்சைட்டும் ஐதரசனும் உண்டாகும். இரண்டு உலோகங்கள் சேர்ந்து உப்பாவது என்பதை முதன்முதலில் வாசித்தபோது அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

—

கயல்_பதினொன்று எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பொட்டாசியம், தாமிரம் ஒப்பீட்டில் பாதி தெளிந்துவிட்டது. வாத்தியார் சார், அந்த வரவு செலவுக் கணக்கை லித்தியத்துக்கும் போட்டுக் காட்டுவீர்களா?

—

பழைய_வாத்தியார் எழுதியது:

போட்டுவிடலாம். எல்லாம் மோலுக்குக் கிலோஜூலில், முழு எண்ணாக. நீரேற்ற ஆற்றல் நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும், போக்கு மாறாது.

லித்தியம்: அணுவாக்க 159, அயனியாக்க 520, நீரேற்றத்தில் திரும்பக் கிடைப்பது 506. நிகரச் செலவு 173.
சோடியம்: 107, 496, திரும்புவது 406. நிகரம் 197.
பொட்டாசியம்: 89, 419, திரும்புவது 330. நிகரம் 178.
ரூபீடியம்: 81, 403, திரும்புவது 310. நிகரம் 174.
சீசியம்: 76, 376, திரும்புவது 276. நிகரம் 176.

முதல் இரண்டு செலவிலும் லித்தியம்தான் மிக மோசம். ஆனால் அதன் அயனி மிகச் சிறியது, தண்ணீர் மூலக்கூறுகள் மிக நெருங்கி வருகின்றன, 506 திரும்பிவிடுகிறது. அந்த ஒரு வரவுதான் அதை உச்சிக்குக் கொண்டுபோகிறது. சோடியத்தின் நிகரச் செலவு மற்ற எல்லாவற்றையும்விட அதிகம், ஐந்தில் அதன் மின்னழுத்தம்தான் குறைந்த எதிர்க்குறி, −2.71. கணக்கு எவ்வளவு ஒழுங்காகப் பொருந்துகிறது பாருங்கள். இங்கே அணு சிறியதாக இருப்பதுதான் லித்தியத்துக்கு உதவி. "பெரிது என்றால் வினைத்திறன்" என்ற வரி இந்த இடத்தில் நேரடியாக உடைகிறது.

அப்புறம் தண்ணீரில் ஏன் அமைதி என்றால், மின்னழுத்தம் சொல்வது வினை எவ்வளவு தூரம் போக விரும்புகிறது என்பதை. எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை அது சொல்வதே இல்லை. வேகத்துக்குக் கிளர்வு ஆற்றலை (வினை தொடங்கத் தாண்ட வேண்டிய தடை) கேட்க வேண்டும். அங்கே எலக்ட்ரானைக் கழற்றும் சிரமமும் அணுவைப் பிரிக்கும் சிரமமும் முன்னால் வந்து நிற்கின்றன, லித்தியம் பின்தங்குகிறது.

—

நல்லூர்_தீபன் எழுதியது:

உருகுநிலையையும் சேர்த்துப் பாருங்கள் தங்கச்சி. லித்தியம் 180.5 பாகை, சோடியம் 98, பொட்டாசியம் 63.5, ரூபீடியம் 39, சீசியம் 28.5. தண்ணீரில் வினை தொடங்கிச் சூடு வந்ததும் சோடியம் உருகி உருண்டையாகிவிடுகிறது. லித்தியம் பெரும்பாலும் திண்மமாகவே மிதந்து கரைகிறது. மொத்த வெப்பம் லித்தியத்துக்குத்தான் அதிகம், மோலுக்கு 222 கிலோயூல். சோடியத்துக்கு 184, பொட்டாசியத்துக்கு 196. கூடுதல் வெப்பம் தருவது அமைதியாக இருக்கிறது, குறைவாகத் தருவது தீப்பிடிக்கிறது. கொட்டும் வேகம்தான் வித்தியாசம்.

வெடிப்புக்கு ஐதரசன் தீப்பிடிப்பதுதான் காரணம் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2015இல் பிராக் நகரில் யுங்விர்த் குழுவினர் சோடியம், பொட்டாசியக் கலப்புலோகத் துளியைத் தண்ணீரில் விட்டு அதிவேகக் கமராவில் படம் பிடித்தார்கள். துளி தண்ணீரைத் தொட்டு ஒரு மில்லிசெக்கனுக்குள்ளேயே உலோகத்திலிருந்து முட்கள் கிளம்புகின்றன. இலத்திரன்கள் ஒரே பாய்ச்சலாகத் தண்ணீருக்குள் போய்விட, பின்னால் மிஞ்சிய நேர் அயன்கள் ஒன்றையொன்று தள்ளி உலோகத்தைச் சிதறடிக்கின்றன. புதிய பரப்பு திறக்கிறது, வினை இன்னும் வேகமாகிறது. ஐதரசனின் தீ அதற்குப் பிறகுதான்.

—

கடற்கரை_மணல் எழுதியது:

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் முயல வேண்டாம், மாணவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். சிறு துண்டுச் சோடியமே கண்ணைப் பறிக்கும். பள்ளி ஆய்வகத்தில் சோடியத்தை மண்ணெண்ணெயில் மூழ்க வைத்திருப்பார்கள். லித்தியத்துக்கு அது பலிக்காது, அடர்த்தி 0.53தான், மண்ணெண்ணெயிலும் மிதந்து காற்றைத் தொட்டுவிடும். அதைப் பாரஃபின் மெழுகில் பொதிந்து வைப்பார்கள். கார உலோகங்களில் சாதாரண வெப்பநிலையிலேயே காற்றின் நைட்ரஜனோடு சேர்வதும் லித்தியம் ஒன்றுதான்.

—

இரவுப்பறவை எழுதியது:

நான் ஒரு மாற்றுக் கருத்து சொல்லலாமா? பதினொன்றாம் வகுப்பு மாணவிக்கு இவ்வளவும் தேவையா? "பெரிய அணு, எளிதில் எலக்ட்ரானை விடும், வினைத்திறன் அதிகம்" என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். விதிவிலக்குகளை முன்னால் வைத்தால் குழந்தைகள் குழம்பிப் போவார்கள்.

—

பழைய_வாத்தியார் எழுதியது:

அதை நான் ஏற்கவில்லை. தங்கத்தைப் பார்த்ததும் கயலுக்குக் கேள்வி வந்துவிட்டதே, குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. விதியை அதன் எல்லையோடு சொல்லிக்கொடுத்தால் குழப்பம் வராது. 1, 2ஆம் தொகுதிகளில், நீரோடும் ஆக்சிஜனோடும் நடக்கும் வினைகளின் வேகத்துக்கு, கீழே போகப் போக வினைத்திறன் கூடும். தேர்வில் இதை எழுது, கயல். காரணத்தை எழுதும்போது "கூடுகள் கூடுகின்றன, அயனியாக்கும் ஆற்றல் குறைகிறது" என்று எழுது. "ஆரம் கூடுவதால்" என்று நிறுத்திவிடாதே.

இடைநிலை உலோகங்களுக்கும் (3 முதல் 12 வரையுள்ள தொகுதிகள்) பி தொகுதிக்கும் (13 முதல் 18 வரை) இந்த வரியைக் கொண்டுபோகவே கூடாது. அலுமினியம் 143, அடுத்த கூடு இருந்தும் காலியம் 135. நடுவில் 3டி நுழைந்துவிட்டது. மின்னழுத்தம் அலுமினியத்துக்கு −1.66, காலியத்துக்கு ஏறக்குறைய −0.55. அலுமினியம் கணக்குப்படி தண்ணீரோடு கடுமையாக வினைபுரிய வேண்டியது. சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடுப் படலம் அதைத் தடுத்து வைத்திருக்கிறது. கொஞ்சம் பாதரசம் பட்டு அந்தப் படலம் ஒட்ட முடியாமல் போனால் அலுமினியம் கண்ணெதிரே வெள்ளைப் பொடியாகப் பூக்கும். அந்தப் படலத்துக்கும் அணுவின் ஆரத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

—

கயல்_பதினொன்று எழுதியது:

2ஆம் தொகுதியில் மெக்னீசியம் குளிர்ந்த நீரில் ஏறக்குறைய சும்மா இருக்கிறது, கால்சியம் குமிழ் விடுகிறது. அதுவும் அயனியாக்கும் ஆற்றல் மட்டும்தானா?

—

கடற்கரை_மணல் எழுதியது:

அது ஒரு பாதி. மெக்னீசியம் ஹைட்ராக்சைடு நீரில் மிகக் குறைவாகவே கரையும், அது உலோகத்தின் மேலேயே படிந்து தண்ணீரை மறித்துவிடும். கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் என்று போகப் போக ஹைட்ராக்சைடின் கரைதிறன் கூடுகிறது, மறிப்பு இல்லாமல் போகிறது. சுடுநீரில் மெக்னீசியம் வேகம் பிடிப்பதைப் பார்க்கலாம்.

—

கயல்_பதினொன்று எழுதியது:

கடைசியாக ஒன்று. அப்படியானால் எல்லாவற்றையும்விட வினைத்திறன் மிக்க உலோகம் பிரான்சியமா? எங்கள் குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது.

—

நல்லூர்_தீபன் எழுதியது:

அதற்கும் தங்கத்துக்குச் சொன்ன பதில்தான். பிரான்சியத்தில் 7எஸ் இலத்திரனும் சார்புக் கொள்கையால் சுருங்குகிறது. அயனாக்கற் சக்தி சீசியத்துக்கு 376, பிரான்சியத்துக்கு 393. சீசியத்தை விடக் கூடுதல். பேரியம், ரேடியம் சோடியிலும் இதேதான், 503, 509. முதல் இலத்திரனை இழக்கும் எளிமையை வைத்துப் பார்த்தால் முதலிடம் சீசியத்துக்கே. பிரான்சியத்தை மாகரெட் பெரே 1939இல் கண்டுபிடித்தார். அதன் மிக நீண்ட ஆயுளுள்ள சமதானிக்கே (ஐசோடோப்புக்கே) அரைவாழ்வு 22 நிமிடம்தான். ஒரு துண்டைச் சேர்த்துத் தண்ணீரில் போட்டுப் பார்க்கும் வாய்ப்பு யாருக்கும் இல்லை, அணுக்களைப் பொறியில் பிடித்து லேசரால் ஆராய்கிறார்கள். குறிப்பில் அந்த இடத்தில் சீசியம் என்று திருத்திக்கொள்ளுங்கள்.